உம்முவின் அமெரிக்க இங்கிலீஷ்

தண்ணீருக்கு இங்கிலீஷில் என்ன என்பதில் சுஹறா டீச்சருக்கு இருபது வருடமாக ஒரு சந்தேகமும் வந்ததில்லை. ‘வோட்டர்’. வாயைக் கொஞ்சம் குவித்துத் தொடங்கி, நடுவில் நாக்கைத் துப்புரவாகத் தட்டி, கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும். யூஜினி மிஸ் அப்படித்தான் படிப்பித்தார். யூஜினி மிஸ்ஸுக்குப் படிப்பித்தது, இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வந்த மிஷன் அம்மா ஒருவர். ஆகவே கல்முனைக் கடற்கரைத் தெருவில் தன் வாயிலிருந்து வருகிற இங்கிலீஷ், இரண்டே கை மாறி வந்த அசல் சரக்கு என்பது சுஹறாவின் நினைப்பு. அந்த நினைப்பில்தான் அவள் தலை நிமிர்த்தி நடந்தாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்ததும் அந்தச் சரக்குக்கு ஒரு போட்டி வந்து இறங்கியது. அதன் பெயர் உம்மு.

உம்மு, சுஹறாவின் வளவுக்குப் பின்னால் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள். வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று உண்டு, அவள் வருவதும் போவதும் அதனால்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். புருஷன்காரன் நெல் வெட்டப் பொலன்னறுவைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடியேறிவிட்டான். கையில் ஹாஜறா என்று ஒரே மகள். பெருநாள் வந்தால் சுஹறாவின் குசினியில் மா இடிப்பது உம்முதான். சூறாவளி கூரையைக் கொண்டுபோன அடுத்த வருடம் அவள் சவூதிக்குப் புறப்பட்டபோது ஏஜென்சிப் போமை நிரப்பிக் கொடுத்தது சுஹறா. ஒரு வாரம் குசினி வாசலில் இருத்தி நாலு வசனமும் பாடமாக்கி அனுப்பினாள். ‘யெஸ் மேடம். ஐ ஷல் டூ இற், மேடம்.’

உம்முவுக்கு மட்டுமல்ல. வெளிநாட்டுக்குப் போகிற எந்தப் பெண்ணும் சுஹறாவிடம் பத்து நாள் வராமல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு பஸ் ஏறியதில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் விறாந்தையில் பாய் விரிபடும். சல்லிக்காசு கிடையாது. ஒருத்தி முருங்கைக்காய் கொண்டுவருவாள், இன்னொருத்தி முந்தானையில் நாலு முட்டை முடிந்து வருவாள். சுஹறா கதிரையில் இருந்து சொல்ல, கீழே பாயில் இருந்து அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவள் கணவர் சீனிமுகம்மது சாகாமத்து வயலிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, “இண்டைக்கு ஒம்பது சோடி” என்று சத்தமாகச் சொல்வார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் சுஹறாவுக்கு அந்த ஒன்பது சோடிதான் பட்டம், பதவி எல்லாம்.

உம்மு திரும்பி வந்தது நாலு வருடம் கழித்து. சவூதியில் தஹ்ரான் என்ற ஊரில், ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் ஆட்களைக் குடிவைத்த காம்புக்குள்ளே, எஞ்சினியர் ஒருவர் வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டு வந்தாள். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கொட்டியது. அதுவும் என்ன இங்கிலீஷ்! தண்ணீர் அவளுக்கு ‘வாடர்’. பிஸ்கற் ‘குக்கி’. டோர்ச் லைற் ‘ஃப்ளாஷ்லைற்’. மாடிக்கு ஏற்றி இறக்குகிற லிஃப்ற் ‘எலிவேற்றர்’. கார் பெற்றோலில் ஓடாதாம், ‘கேஸ்’ அடித்தால்தான் ஓடுமாம். சுஹறா விழுங்கச் சொன்ன எழுத்தையெல்லாம் அவள் நாக்கைச் சுருட்டி உருட்டி உருட்டி வெளியே விட்டாள்.

வந்த மறுநாளே ஒரு சேலையும் ஒரு போத்தல் அத்தரும் கொண்டுவந்து சுஹறாவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். மனதில் கிடந்த சந்தோஷத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டாள்.

“டீச்சர் ராத்தா, நீங்க பாடமாக்கித் தந்தத்த முதல் நாளே மேடத்துக்கிட்ட செல்லிப்போட்டன். ‘ஐ ஷல் டூ இற், மேடம்’ எண்டன். மனிசிக்குச் சிரிப்பெண்டாச் சிரிப்பு. புருசனையும் கூப்பிட்டு இன்னொருக்காச் செல்லச் சொன்னா. ‘உம்மு, நீ இங்கிலாந்து ராணி மாதிரிக் கதைக்கிறாய். எங்கட நாட்டுல ஒருத்தரும் இப்படிக் கதைக்கிறல்ல’ எண்டா. இது எங்கட டீச்சர் படிப்பிச்ச இங்கிலீசு எண்டு நான் செல்லிட்டன்.”

உம்மு இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சுஹறாவின் காதில் விழுந்தது அந்த வெள்ளைக்காரியின் சிரிப்பு மட்டும்தான். இருபது வருடம் காப்பாற்றி வைத்த இங்கிலீஷைக் கேட்டு யாரோ ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டு வைத்துச் சிரித்திருக்கிறாள். அத்தர் போத்தலை அவள் அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். அந்தச் சேலையை உடுக்கவேயில்லை.

பிறகு நடந்தது கண்ணுக்கு முன்னாலே நடந்தது. ஒன்பது சோடி ஐந்தாகியது. ஐந்து இரண்டாகியது. வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் வேலியைச் சுற்றி உம்மு வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே பாயும் இல்லை, கதிரையும் இல்லை. உம்மு மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே கதை சொல்வாள். ‘பிள்ளைகள் அழுதா இப்படிச் செல்லணும், மேடம் கோவிச்சா இப்படிச் செல்லணும்’ என்று நடித்துக் காட்டுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கிளம்பும். இந்தப் பக்கம் சுஹறா வெறும் விறாந்தையில் இருந்து சாக்குக்கட்டித் தூசியைத் தட்டுவாள்.

“ஒரு சோடியும் இல்லயே இண்டைக்கு” என்றார் சீனிமுகம்மது ஒரு நாள்.

“கண் இரிக்குதானே, தெரியுதுதானே? மறுகா ஏன் கேக்கிய?” என்று சுஹறா சீறிய சீறலில், மனிதர் சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் போய்விட்டார்.

பொறாமை என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பாஷை கெட்டுப்போகிறதே என்றுதான் கவலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் சொன்னாள், மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னாள், கலியாண வீட்டில் சொன்னாள்: “உம்மு பேசுறது பிழை. அது குசினியில பொறுக்கின இங்கிலீசு.” சாதாரண தரச் சோதனை எழுதப்போகிற தன் மகள் றாஹிலாவே ஒரு நாள் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்து, “உம்மா, அந்த வாடரத் தாங்க” என்றபோது, எழுந்துபோய்ச் செம்போடு தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு வந்து, “இப்ப கேள், ஒழுங்காக் கேள்” என்றாள். பிள்ளை கேட்கவில்லை. விக்கிக்கொண்டே தின்று முடித்துக் கையைக் கழுவினாள்.

அன்றைக்குப் பின்னேரம் சுஹறா கதவைச் சாத்திவிட்டுத் தடித்த அகராதியை எடுத்தாள். உம்முவின் ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். இல்லை என்று கண்டுவிட்டால் நாளைக்கே தெருவுக்குச் சொல்லலாம். ஆனால் ‘குக்கி’ இருந்தது. ‘எலிவேற்றர்’ இருந்தது. இலையுதிர் காலத்துக்கு உம்மு சொன்ன ‘ஃபோல்’கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில், அமெரிக்காவில் வழங்குவது என்று போட்டிருந்தது. பிழை என்று ஓரிடத்திலும் போட்டிருக்கவில்லை. ஒரு நாட்டுச் சனம் முழுவதும் இப்படித்தான் பேசுகிறது, ஐந்தாம் வகுப்பு உம்மு அந்தச் சனத்தின் வீட்டுக்குள்ளே இருந்து காதால் கேட்டுப் படித்திருக்கிறாள். சுஹறாவோ ஆயுளில் ஒரு வெள்ளைக்காரரோடு ஒரு வசனம் பேசியதில்லை. யூஜினி மிஸ் சொல்லக் கேட்டதுதான், புத்தகத்தில் பார்த்ததுதான்.

அகராதியை மூடி, மேல் தட்டில் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அடுத்த நாளும் ஸ்டாஃப் ரூமில் “பிழை” என்றே சொன்னாள். இம்முறை தெரிந்துகொண்டு சொன்னாள்.

இதற்கிடையில் ஹாஜறாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. உம்மு நாலு வருட உழைப்பைக் கல்லிலும் சீமெந்திலும் போட்டிருந்தாள். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. மேற்கொண்டு எழும்ப வேண்டுமென்றால் அவள் இன்னொரு தடவை கடல் கடக்க வேண்டும். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் வழியொன்று தெரியாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம். சுஹறாவுக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சனம் வீதியில் நிறைந்து போகிற நேரம், உம்மு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒட்டுப் பிரிக்காத கடிதம் ஒன்று.

“டீச்சர் ராத்தா, மேடம் கடிதம் அனுப்பியிரிக்கா. சாய்ந்தமருதுப் பொடியன் ஒருத்தன் லீவுல வந்தவன், அவன்ட கையில குடுத்து விட்டிரிக்கா. எனக்குக் கதைக்கத்தான் தெரியும், எழுத்து எங்க விளங்குது? நீங்கதான் வாசிச்சிச் செல்லணும்.”

எத்தனை மாதத்துக்குப் பிறகு! சுஹறா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். உம்மு பழையபடி கீழே பாயில் இருந்தாள். போகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டும் போனார்கள். கடிதத்தைப் பிரிக்கும்போது சுஹறாவின் மனம் உண்மையாகவே இளகியிருந்தது. நல்லபடியாக வாசித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் தொடங்கினாள்.

சாய்ந்த எழுத்து, ஆனாலும் விளங்கியது. ‘அன்புள்ள உம்மு, பிள்ளைகள் தினமும் உன்னைக் கேட்கிறார்கள். ஒரு நல்ல செய்தி. காம்புக்குள் ஒரு பாலர் பள்ளி தொடங்குகிறோம். அதற்கு உதவி டீச்சராக நீதான் வேண்டும் என்று எல்லாத் தாய்மாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு உன்னைப்போல் அழகாகக் கதைக்கிறவர்கள் இங்கே இல்லை. இனி நீ வீட்டு வேலைக்காரியல்ல. பிள்ளைகள் உன்னை ‘மிஸ் உம்மு’ என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். மாதம் முடிய முன் கொழும்பு ஏஜென்சியில் போய்ச் சம்மதம் சொல். சொல்லாவிட்டால் வேறு ஆள் எடுக்க வேண்டி வரும்.’

‘டீச்சர்’ என்ற சொல்லில் சுஹறாவின் கண் நின்றுவிட்டது. வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்கில்லை, நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரைக்கும் எரிந்தது. ட்ரெயினிங் கொலிஜில் இரண்டு வருடம், சோதனைகள், மருதமுனைக்கும் நற்பிட்டிமுனைக்கும் இடமாற்றங்கள், இன்ஸ்பெக்டர்களின் முறைப்பு, இவ்வளவும் தாண்டி அவள் வாங்கிய பெயர் அது. மா இடித்தவளுக்கு ஒரு கடிதத்தில் வருகிறது. அதுவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, இங்கிலீஷ் பேசுகிற டீச்சர்!

யோசித்துப் பார்த்தால் உம்மு போய்விடுவது சுஹறாவுக்கு நல்லதுதானே? பாயும் செருப்பும் திரும்பி வந்துவிடுமே? அந்த அளவுக்கு யோசிக்க அவளுக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. அந்தச் சொல் உம்முவுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

“எல்லாரும் சுகமாம்” என்றாள். “பிள்ளைகள் ஒன்னக் கேக்காங்களாம். வேற ஒரு பொம்பிளைய வேலைக்கு எடுத்துட்டாங்களாம். நீ இனி வரத் தேவையில்லயாம். ஒடம்பப் பாத்துக்கொள்ளட்டாம்.”

உம்மு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “வேறொண்டும் எழுதல்லயா ராத்தா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“கண்ணாடியத் தொடச்சிப்போட்டு இன்னொருக்கா வாசிச்சிப் பாருங்களேன். அவட எழுத்து சரிஞ்ச எழுத்து.”

சுஹறாவுக்குக் கோபம் வந்தது. “எனக்கா எழுத்து விளங்காது? இருவது வருசமா இங்கிலீசு படிப்பிக்கிறன் உம்மு. இதான் எழுதியிரிக்கி.”

“ஓம் ராத்தா” என்றாள் உம்மு. கடிதத்தை வாங்கி மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். “நான் வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுவாள் என்று சுஹறா எதிர்பார்த்தாள். அழவில்லை.

அன்றைக்கு மஃரிபுக்கு முஸல்லாவை விரித்த சுஹறா, எத்தனை றக்அத் தொழுதோம் என்று தெரியாமல் மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கினாள். போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொன்னால் போச்சு. ஆனால் ஒரு கடிதம் வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் டீச்சர் என்று தெரு சிரிக்கும். பொய் சொன்னேன் என்று சொன்னால் அதைவிடக் கேடு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். வேலிக்கு மேலால் பார்த்தால் உம்முவின் சுவர் அதே ஜன்னல் மட்டத்தில் நின்றது. இரண்டு நாளாக உம்முவை ஆளையே காணோம். கொழும்புக்குப் போயிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எதற்கு என்று கேட்கச் சுஹறாவுக்கு வாய் வரவில்லை.

பதினோராம் நாள் ஹாஜறா வந்தாள். “டீச்சர், உம்மா மறுகா வெளிநாட்டுக்குப் போறா. நாளைக்கு லுஹருக்குப் பொறகு மௌலூது ஓதிச் சோறு குடுக்கோம். முதல்ல உங்களுக்குத்தான் செல்லணும் எண்டு உம்மா அனுப்பின.”

சுஹறா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போகிறாள்? கடிதத்தை வாசித்துக் காட்டியது யார்? வயதாகி ஊரோடு இருக்கிற யூஜினி மிஸ்ஸிடம் கொண்டு போயிருப்பாளோ? அப்படியென்றால் தான் சொன்ன பொய்யும் மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்குமே! போகாமல் விட்டாலோ குற்றவாளி தானே கையைத் தூக்கியது போலாகிவிடும். போனாள்.

பாதிச் சுவருக்கு நடுவே ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். மௌலூது முடிந்து, ஐந்து பேருக்கு ஒரு சஹனாகச் சோறு வந்தது. உம்மு நேராக வந்து சுஹறாவின் சஹனில்தான் இருந்தாள். இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து சுஹறாவின் பக்கம் ஒதுக்கிவிட்டாள். ஒரே தட்டில் இரண்டு பேரின் கையும் போய் வந்தன.

தின்று கொண்டிருக்கும்போதே பெண்கள் கேட்டார்கள். “உம்மு, ஒன்ட மேடத்துட கசற்றப் போடன்கா, கேப்பம்.”

அந்தக் காலத்தில் சவூதிக்கும் கல்முனைக்கும் இடையில் கடிதத்தைவிடக் கசற்தான் கூடுதலாக ஓடியது. எழுதத் தெரியாதவர்கள் கசற்றில் பேசி, லீவில் வருகிறவர் கையில் கொடுத்து விடுவார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்து கேட்டு அழுவார்கள். தன்னிடம் வேலை செய்தவளுக்கு எழுத்து ஓடாது என்று அந்த மேடத்துக்குத் தெரியாதா? அவளும் கசற்றில் பேசி அனுப்பியிருந்தாள். ஹாஜறா கசற் பெட்டியின் பொத்தானை அமத்தினாள். வெள்ளைக்காரியின் குரல் பந்தலுக்குள்ளே எழும்பியது.

சுஹறா காதைக் கூர்மையாக்கினாள். ஒன்றும் பிடிபடவில்லை. சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. இடையிடையே ‘உம்மு’ என்பது மட்டும் விளங்கியது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதது போலவும், அங்கே இருந்தவர்களில் உம்மு ஒருத்திக்குத்தான் தெரியும் போலவும் இருந்தது. உம்மு கசற்றை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். பாலர் பள்ளி. இரண்டு வருடம். மாதம் முடிய முன் கொழும்பு. கடிதத்தில் இருந்த அத்தனையும், வரிக்கு வரி.

“இந்தா, இப்ப என்ன செல்றா எண்டா,” உம்மு கையை உயர்த்தினாள், “‘இதையெல்லாம் கடிதத்திலயும் எழுதியிரிக்கன். ஒனக்கு இங்கிலீசு படிப்பிச்ச டீச்சருக்கிட்ட குடுத்து வாசிக்கச் செல்லு’ எண்டு செல்றா.”

எல்லோரும் சுஹறாவைத் திரும்பிப் பார்த்தார்கள். “அப்ப டீச்சர்தான் கடிதத்த வாசிச்சித் தந்தயா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஓம். டீச்சர்தான் வாசிச்ச” என்றாள் உம்மு, சோற்றைப் பிசைந்துகொண்டே.

“மாஷா அல்லாஹ், டீச்சர் இல்லாட்டி நம்மட சனத்துட கதி என்ன?” என்றாள் இன்னொருத்தி. “என்ட மகளும் அடுத்த மாசம் போறாள். நாளைக்கே அனுப்புறன் டீச்சர்.” வேறு இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். சுஹறா தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கை கழுவுகிற சாட்டில் உம்முவின் பின்னால் கிணற்றடிக்குப் போனாள். உம்மு வாளியால் தண்ணீர் வார்க்க, சுஹறா கையை நீட்டியபடியே கேட்டாள்.

“அந்தக் கசற் எப்ப வந்த உம்மு?”

“கடிதத்தோட ஒண்டாத்தான் ராத்தா. வியாழக்கிழம.”

“நீ என்னட்ட வந்தது வெள்ளிக்கிழம.”

“ஓம்.”

“எல்லாம் தெரிஞ்சிக்கிட்டா என்ட வாசலுக்கு வந்த? என்னச் சோதிச்சிப் பாக்கவா?”

உம்மு வாளியைக் கீழே வைத்துவிட்டாள். “வல்லாஹி, இல்ல ராத்தா. இப்ப ஒருத்தரும் ஒங்கட்ட வாறல்லயே. அது எனக்குப் பெரிய கவல. அதான் ஜும்ஆ முடிஞ்சி சனம் போற நேரமாப் பாத்து, கடிதத்தக் கையில புடிச்சிக்கிட்டு, வேலிப் பொட்டால வராம தெருவால சுத்தி வந்தன். என்ன இருந்தாலும் உம்முவுக்கும் டீச்சர்தான் வேணும் எண்டு நாலு பேர் காணட்டும் எண்டு.”

சுஹறா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அல்லாஹ் அறிய, அந்த இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது வெட்கமல்ல. இப்படி ஒரு மனசும் இவளுக்குத்தானா கிடைக்க வேண்டும் என்ற பொறாமைதான் வந்தது.